மாமன் மகனான பாதாள ராஜா

என் வீட்டுக்காரர் ராஜதாஸுக்கு மீன் என்றால் உயிர், முள்தான் ஆகாது. நெத்தலிக்குக்கூட முள் பார்த்துத்தான் வாயில் வைப்பார். கதைக்கும் அவர் அதே வைத்தியம்தான் செய்வார். முள்ளையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, வெறும் சதையை ஜனங்களுக்கு ஊட்டுவார். ஜனங்களும் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு இருப்பார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் கதாப்பிரசங்கக்காரர். கோயில் திருவிழா, சபை ஆண்டுவிழா, வாசகசாலை விழா எதுவானாலும் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, கையில் சப்ளாக்கட்டையோடு மைக் முன்னால் நின்று கதை சொல்வார், இடையிடையே பாடுவார். அவருக்கு இடப்பக்கம் ஆர்மோனியத்தோடு நான். வலப்பக்கம் தபலாவோடு கிருஷ்ணன்குட்டி. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எங்கள் வண்டி போகாத சந்து கிடையாது. பாதி மலையாளம், பாதி தமிழ் என்று கலந்துதான் சொல்வார். கேட்கிறவர்களும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். மற்ற நாட்களில் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

அந்தக் கிரேக்கக் கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். கோடை விடுமுறையில் என்னால் சும்மா இருக்க முடியாது. கைக்கும் வேலை வேண்டும், கண்ணுக்கும் வேலை வேண்டும். பள்ளிக்கூட அலமாரியிலிருந்து ஒரு தடித்த கிரேக்கக் கதைப் புத்தகத்தை எடுத்துவந்து வாசித்தேன். ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே பெர்செபொனியின் கதையை அவரிடம் சொன்னேன்.

பெர்செபொனி பூப்பறித்துக்கொண்டிருந்த பெண். தேவர்களுக்கெல்லாம் ராஜாவான ஸீயஸ் அவளுக்கு அப்பன். விளைச்சலுக்குத் தேவதையான டிமீட்டர் அவளுக்கு அம்மா. ஸீயஸின் அண்ணன் ஹேடிஸ், செத்தவர்கள் போகிற பாதாளத்துக்கு ராஜா. அவன் பெண் கேட்கிறான். ஸீயஸ் மகளிடமும் கேட்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் சரி என்று வாக்குக் கொடுத்துவிடுகிறான். பூமி பிளக்கிறது, தேர் வருகிறது, பெண் கதறக் கதற பாதாளத்துக்குப் போகிறாள். அம்மாக்காரி அன்னம் தண்ணீர் இல்லாமல் உலகமெல்லாம் தேடுகிறாள். கடைசியில் உண்மை தெரிந்ததும் அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. என் மகள் வரும்வரை ஒரு புல் முளைக்காது என்று உலகத்தின் விளைச்சலையே நிறுத்திவிடுகிறாள். எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே அந்த இடம்தான். மனிதர்கள் பட்டினி கிடக்க, தேவர்களுக்குப் படையல் நிற்க, ஸீயஸ் இறங்கிவந்து பெண்ணை விடச் சொல்கிறான். ஆனால் பாதாளத்தில் ஒரு சட்டம் உண்டு: அங்கே எதையாவது தின்றவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். ஹேடிஸ் அவளை அனுப்புவதுபோல் அனுப்பி, மாதுளம்பழத்தின் மணிகளை அவள் வாயில் திணித்துவிடுகிறான். அதனால் வருஷத்தில் ஒரு பங்கு அவள் பாதாளத்துக்குத் திரும்பிப் போயே ஆகவேண்டும்.

ராஜதாஸ் கையிலிருந்த செய்தித்தாளை எறிந்துவிட்டு எழுந்தார். "எடி சுகிர்தா, இதாக்கும் கதை! இதை இந்தப் பக்கம் ஒருத்தனும் சொன்னது கெடையாது" என்றார்.

முதல் மேடை ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு சபை ஆண்டுவிழா. அன்றைக்கு அவர் முள்ளோடுதான் பரிமாறினார். அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். பாதாள ராஜா பெண்ணின் பெரியப்பா என்று சொன்ன மாத்திரத்தில், முன்வரிசையில் இருந்த போதகரின் மனைவி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் ஒரு வரிசை எழுந்தது. கதை முடிந்ததும் சபை மூப்பர் மேடைக்கே ஏறி வந்தார். "ராஜதாஸே, பெரியப்பன்னா அப்பனுக்குச் சமம் அல்லியா? பிள்ளைகளை வச்சிட்டு இதுவா பறயது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். வண்டியில் வரும்போது ராஜதாஸ் கையிலிருந்த சப்ளாக்கட்டையைக் கீழே வைக்கவே இல்லை. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமே முள் எடுக்க ஆரம்பித்தார்.

"அந்தத் தள்ளை டிமீட்டரும் ஸீயஸுக்க அக்காதானே? அப்போ ஹேடிஸ் அவளுக்கும் தம்பிதானே?" என்று கேட்டார்.

"ஓம். அங்க எல்லாம் ஒரே குடும்பம். ஒருத்தனே பெரியப்பனும் ஆச்சு, தாய்மாமனும் ஆச்சு."

"அப்போ பெரியப்பனை வெட்டுவோம். மாமனை வச்சுக்குவோம். மாமன்னாலும் வயசாளியா இருப்பான், பாக்க நல்லா இருக்காது. மாமன் மகன் ஆக்கிருவோம். மொறைக்காரன்."

அவ்வளவுதான். ஒரு சொல்லை மாற்றியதும் கதை முழுக்கத் தானாகவே திரும்பிக்கொண்டது. முறைக்காரன் வந்தால் அது பெண்ணைத் தூக்கிப்போவது ஆகுமா? உரிமை. எனவே பூமி பிளந்த இடம் போய், தேர் மெதுவாக வந்து நின்றது. அலறல் போய் வெட்கம் வந்தது. அப்பன் திருட்டுத்தனமாகக் கொடுத்த வாக்கு, குடும்பத்துக்குள் பேசி முடித்த சம்மதம் ஆனது. எனக்குப் பிடித்த அந்தத் தாயை முந்தானையால் கண் துடைக்கவிட்டு, கடைசியில் ஆசீர்வாதம் பண்ண வைத்தார். மாதுளம்பழத்தைப் பெண் தானே கேட்டு வாங்கி, பாட்டுப் பாடிக்கொண்டு தின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் பூசணித் தோட்டத்தையே மறைத்தார்.

"இது அந்தக் கதை இல்ல, கேட்டியளா. அவ தானாத் தின்னல. அவன் திணிச்சான்" என்றேன்.

"ஜனங்க சந்தோசமா வீட்டுக்குப் போகட்டு. உனக்கு எதுக்கு இந்த எரிச்சல்?"

எரிச்சல் எதற்கென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாட்டுக்கு மெட்டு வாசிக்கும்போதெல்லாம் என் விரல்கள் அவசரப்பட்டு முன்னால் ஓடும். கிருஷ்ணன்குட்டி தபலாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பான். ஆனால் கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. கேசட் போட்டார்கள். காட்டாக்கடைச் சந்தையில், பஸ்ஸில், கல்யாண வீட்டு மைக்செட்டில் எங்கும் அதுதான். அந்த வருஷம் மாமன் மகனைக் கட்டிக்கொண்ட பெண்களையெல்லாம் கூட்டாளிகள் "மாதுளம்பழம் தின்னாச்சா?" என்று கேலி பண்ணினார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு திருவிழாக் காலத்தில்தான் நார்பர்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். பொழியூருக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். சொந்தமாகப் படகுகள், ஒரு ஜீப்பு, பெரிய குரல்.

"சாரே, சனிக்கிழமை சாயங்காலப் பூசை முடிஞ்ச உடனே. அந்த மாதுளம்பழக் கதை மட்டும் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"வேற நல்ல கதையும் உண்டு" என்று ராஜதாஸ் சொல்லிப் பார்த்தார்.

"அதுதான் வேணும். அதுக்குத் தக்க காரியம் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். கடல் அந்த வருஷம் இரண்டு வரிசை வீடுகளைத் தின்றிருந்தது. கல் போட்டுக் கட்டிய சுவரில் அலை வந்து மோதும் சத்தம் ஓயவே இல்லை. நார்பர்ட் வீட்டில் எங்களுக்குக் கப்பைக் கிழங்கும் மீனும் வைத்தார்கள். ஆண்கள் முன்னறையில் சாப்பிட, அவருடைய மனைவி ஆன் என்னை உள்ளே கூட்டிப்போனாள்.

"டீச்சரே, நீங்க படிச்ச ஆளு. எங்க பிள்ளைக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வியாழக்கிழமை முதல் ஒரு பருக்கை தொடமாட்டங்குறா. நான் என்ன வெஷமா வச்சிருக்கேன்?"

உள்ளறையில் கட்டில் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். உதடு வெடித்து, கண் குழிவிழுந்து கிடந்தது. பக்கத்தில் தட்டில் சோறும் வறுத்த மீனும் ஆறிப்போயிருந்தன. அதன் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர்.

"யாரு இது?"

"எங்க மவன் ஜெய்சனைக் கெட்டப்போற பெண்ணு. ஷைனா. நம்ம லில்லிக்குட்டிக்க மவ. லில்லிக்குட்டி எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. மொறைப் பெண்ணாக்கும்" என்று சொல்லும்போதே முன்னறையிலிருந்து டீ கேட்டார்கள். ஆன் எழுந்து போனாள்.

அவள் போனதும் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது.

"டீச்சர், நீங்கதானே அந்தக் கேசட்டில ஆர்மோனியம்?"

"ஓம் மக்கா. நீ ஏன் தின்னாம கிடக்குற?"

அவள் சொன்னது இதுதான். அவள் அப்பா டிக்சன் மஸ்கட்டில் இருக்கிறார். விசாவுக்கு வழி பண்ணிக் கொடுத்தவர் நார்பர்ட். அங்கிருந்து போனிலேயே, பெண்ணை ஜெய்சனுக்குத் தருகிறேன் என்று டிக்சன் வாக்குக் கொடுத்துவிட்டார். மகளிடமும் கேட்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. லில்லிக்குட்டிக்கு விஷயம் தெரிந்து, முடியாது என்று நார்பர்ட்டின் முகத்துக்கு நேரே சொன்னாள். வியாழக்கிழமை பாறசாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு விட்டு பஸ்ஸுக்கு நின்றவளை ஜெய்சனும் இரண்டு கூட்டாளிகளும் ஜீப்பில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. ஜெய்சன் அந்த அறைக்குள் வரவும் இல்லை. ஆன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். மகளைத் தேடிவந்த லில்லிக்குட்டியை, பெண் தானாகத்தான் வந்தாள் என்று சொல்லி வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள், வாசல் கதவு மட்டும் பூட்டியிருந்தது.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "எழும்பு. எனக்க கூட வண்டியில வா. எவன் தடுக்கான்னு பாக்குதேன்" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். ஜெய்சன் கூட ஓடிவந்தவ இங்கேருந்தும் ஓடினான்னு சொல்லுவாங்க. எங்க அம்மா இந்தக் கரையில மீன் எடுத்து விக்கிறவ. அவ தலை குனியக்கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "கதை முடிஞ்ச உடனே என்னை அச்சன்ட்ட கூட்டிட்டுப் போவாங்க. நான் சம்மதம்னு வாயால சொன்னா, அச்சன் நாளைக்கு முதல் ஓலை வாசிப்பாரு."

கடலோரத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் அச்சன், அதாவது பங்குச் சாமியார், பையன் பெயரும் பெண் பெயரும் சொல்லி வாசிப்பார். அதற்குத்தான் ஓலை என்று பேர். முதல் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணம் பாதி நடந்த மாதிரி. அப்புறம் பின்வாங்குகிற பெண்ணை ஊர் சும்மா விடாது.

"சம்மதம் இல்லன்னு சொல்லு."

"சொல்லத்தான் நான் தின்னாம இருக்கேன். கேசட்டில சாரு சொல்லுவாருல்லா, அந்த வீட்டில ஒரு மணி தின்னாலும் அவ அந்த வீட்டுக்காரின்னு. எங்க அம்மா மீன் வெட்டும்போது எப்பவும் அதைத்தான் போடுவா. இங்கயும் எல்லாருக்கும் அது மனப்பாடம். நேத்து மாமியே, ஒரு வாய் தின்னு மக்கா, தின்னா தீந்துதுல்லான்னு கெஞ்சினா. நான் தின்னல்லன்னு தெரிஞ்சா, அச்சன் முன்னால எனக்கு ஒரு பேச்சு உண்டு." அவள் கண் நிறைந்தது. "ஆனா இன்னிக்கு மைக்கில சாரு, அவ தானா ஆசைப்பட்டுத் தின்னான்னு பாடுவாரு. ஊரே கைதட்டும். அதுக்குப் பெறவு நான் வேண்டாம்னா எவன் நம்புவான்? நாணப்பட்டுச் சொல்லுதான்னு சொல்லுவாங்க. டீச்சர், அந்த ஒரு இடம் மட்டும் பாடவேண்டாம்னு சார்ட்ட சொல்லுவேளா?"

சொல்கிறேன் என்று அவள் கையை அழுத்திவிட்டு எழுந்தேன். முன்னறைக்கு வந்தேன். வைத்த கப்பையை நான் தொடவில்லை.

மேடைக்குப் பின்னால் தென்னோலை மறைப்பில் ராஜதாஸ் ஜிப்பாவுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் சரி, மனுஷன் இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்தப் பாட்டை விட்டா கதையில என்ன இருக்கு?" என்றார்.

"அந்தப் பாட்டு இல்லாமத்தான் கதையே இருக்கு. நீங்க அதை எடுத்துட்டுத்தானே பாட்டை வச்சியோ?"

"சத்தம் போடாத. நாம கதை சொல்ல வந்த ஆளு. ஊருக்குள்ள நடக்குற காரியத்தில நமக்கு என்ன? அச்சன் உண்டு, கமிட்டி உண்டு."

"கமிட்டியே நார்பர்ட்டாக்கும்."

"சுகிர்தா, ஆரியங்கோட்டில நான் பட்டது போதாதா? இன்னொரு தடவை மேடையில நின்னு என்னை ஒருத்தன் கேள்வி கேட்டா, நான் பெறவு மைக் தொடமாட்டேன்."

அவர் பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளறையில் வெடித்துக் கிடந்த உதடுதான் கண்ணில் நின்றது.

பூசை முடிந்தது. மணல்மேல் ஊர் முழுக்க உட்கார்ந்தது. முன்னால் நாற்காலியில் அச்சனும் நார்பர்ட்டும் கமிட்டிக்காரர்களும். பக்கத்துப் பெஞ்சில், புதுச் சேலை கட்டிவிட்ட ஷைனாவை ஆன் தோளில் கைபோட்டு உட்கார்த்தியிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது பாசமாகத் தெரியும். ஓரத்தில் ஈசாக் என்பவரின் தட்டுக்கடை; தோசைக்கல்லில் புகை. அதன் பக்கத்தில் ஒரு பெண் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். இடுப்பில் செருகிய கைலி, கறுத்துத் திரண்ட கை. மேடையைப் பார்க்காமல் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே தெரிந்தது, லில்லிக்குட்டி.

கதை தொடங்கியது. ராஜதாஸ் நன்றாகத்தான் சொன்னார். பயந்த நாளில்தான் அவருக்குக் குரல் இன்னும் இனிக்கும். பெண் பூப்பறித்தாள், ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். தேர் வந்தது. "வந்தது யாரு? அந்நியன் அல்ல, சொந்த மாமன் மகனாக்கும்!" என்று அவர் சொன்னதும் பின்னால் பையன்கள் விசில் அடித்து, "ஜெய்சா, எலே ஜெய்சா!" என்று கத்தினார்கள். ஜெய்சன் தலையைக் குனிந்து சிரித்தான். அச்சன்கூடச் சிரித்தார். ஷைனா தன் விரல்களையே பிசைந்துகொண்டிருந்தாள். என் கால்விரல்கள் மேடைப்பலகையில் தட்டிக்கொண்டே இருந்தன, என்னால் நிறுத்த முடியவில்லை.

கதை பாதாளத்துக்குள் போனது. தங்கத் தட்டில் மாதுளம்பழம் வந்தது. ராஜதாஸ் சப்ளாக்கட்டையைத் தூக்கி என் பக்கம் கண்காட்டினார். பாட்டுக்குச் சுருதி கேட்கிறார். நான் கொடுத்தேன். அவர் முதலடியை எடுத்தார்.

நான் ஆர்மோனியத்தின் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சுருதி ஒரு பெருமூச்சுவிட்டு நின்றது. ராஜதாஸ் அரையடி தனியாகப் பாடினார். குரல் எங்கேயோ போய் இடித்துக்கொண்டு நின்றது. கிருஷ்ணன்குட்டி ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, கையைத் தபலாமேல் பரப்பி வைத்தான்.

ராஜதாஸ் தன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "எடி, துருத்தியை அடி."

"அவ தானாத் தின்னேல்ல" என்றேன்.

அவருக்கு மட்டும்தான் சொன்னேன். ஆனால் ஆர்மோனியத்துக்கும் ஒரு மைக் உண்டு. அதை யாரும் மூடவில்லை. தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய்களிலெல்லாம் என் குரல் போய், கடற்கரை முழுக்க விழுந்தது. அவ தானாத் தின்னேல்ல.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்: "பின்ன?"

இன்னொருத்தி கேட்டாள்: "பின்ன யாரு ஊட்டினது, சாரே?"

மேடையில் நின்று இன்னொரு தடவை கேள்வி வாங்கினால் மைக் தொடமாட்டேன் என்றவர் என் வீட்டுக்காரர். நான் அவர் முகத்தையே பார்த்தேன். வியர்த்திருந்தது. ஆனால் கதைக்காரனிடம் "பின்ன?" என்று கேட்டால் அவனால் சும்மா நிற்க முடியாது. சோறு இல்லாமல் இருப்பான், அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டான். அவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"அவன் திணிச்சான்" என்றார். பாட்டுக் குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல். "அவ வீட்டுக்குப் போவப்போற சந்தோசத்தில நின்னா. அந்த நேரம் பாத்து வாயில திணிச்சான். தின்னா அவ அங்கேயே இருக்கணும்னு அவனுக்குத் தெரியும். அவன் மாமன் மகனும் அல்ல. அது நான் வச்ச பேரு. அவன் அவளுக்க அப்பனுக்க அண்ணன்."

கூட்டம் ஐயோ என்றது.

"தேரும் பைய வரேல்ல. நெலம் பொளந்தது. பிள்ளை கூவினா. அப்பன்காரன் பிள்ளையிட்ட கேக்கேல்ல, தள்ளையிட்ட சொல்லேல்ல. தூரத்தில இருந்துட்டு வாக்குக் கொடுத்தான்."

நார்பர்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சாரே, மதி, போதும்! கதையை நிறுத்தும்!" என்று கத்திவிட்டு, மைக்செட்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார். மைக் செத்தது. ராஜதாஸ் உதடு அசைந்துகொண்டிருந்தது, எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஷைனா எழுந்தாள். ஆன் அவள் தோளை அழுத்தினாள். ஷைனா அந்தக் கையைப் பிடித்து, மரியாதையாகத்தான், எடுத்து ஆனின் மடியிலேயே வைத்தாள். நிற்கும்போது ஆடினாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தின்னேல்ல" என்றாள்.

மூன்று நாள் பட்டினிக் குரல், முன்வரிசை தாண்டாது. ஆனால் முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பின்வரிசைக்குச் சொன்னார்கள். அவர்கள் அதற்குப் பின்னால் சொன்னார்கள். "தின்னேல்லயாம்." "ஒண்ணும் தின்னேல்லயாம்." "அந்த வீட்டில அவ ஒரு பருக்கை தொடேல்லயாம்." மைக் இல்லாமலே அது கடல்சுவர்வரை போனது. கேசட்டை மனப்பாடமாக வைத்திருந்த ஊர் அது. தின்னவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அச்சன் எழுந்து அவள் அருகே வந்தார். "நீ என்ன பிள்ளே சொல்லுத? தெளிவாச் சொல்லு."

"வியாழக்கிழமை என்னை ஜீப்பில ஏத்திக் கொண்டுவந்தாங்க அச்சா. நான் வரேல்ல, கொண்டுவந்தாங்க. பச்சைத்தண்ணி மட்டும் குடிச்சேன். எனக்குச் சம்மதம் இல்ல."

அச்சன் நார்பர்ட்டைப் பார்த்தார். அவ்வளவு நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்த முகம், இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தது. "என்னிட்ட வேற மாதிரியாக்கும் சொன்னது" என்றார். பிறகு, "நாளைக்கு ஓலை இல்ல" என்றார்.

ஜெய்சன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கோ போய்விட்டான். அவனோடு விசில் அடித்தவர்கள் யாரும் கூடப் போகவில்லை. ராஜதாஸ் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பன்னு சொல்லிட்டேன், பாத்தியா" என்று குழந்தைமாதிரிச் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நார்பர்ட் மட்டும் அடங்கவில்லை. "எலே, எல்லாரும் கேளுங்க. இவ ரெண்டு ராத்திரி எனக்க வீட்டில கிடந்தவளாக்கும். தின்னா என்ன, தின்னேல்லன்னா என்ன? இனி எவன் வருவான் இவளைக் கெட்ட? எலே லில்லிக்குட்டி, நீ சொல்லு! எவன் வருவான்?"

லில்லிக்குட்டி அந்த நேரம் ஈசாக்கின் தட்டுக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒரு கையில் வாழையிலைத் துண்டில் தோசை, ஆவி பறந்துகொண்டிருந்தது. மகளைத் தோளைப் பிடித்து மணலிலேயே உட்கார்த்தி, தானும் எதிரில் உட்கார்ந்தாள். தோசையைச் சின்னதாகப் பிய்த்து ஊதினாள். தேங்காய்ச் சம்மந்தியில் தொட்டு மகள் வாயில் வைத்தாள். ஷைனாவால் முதலில் விழுங்க முடியவில்லை. தாய் அவள் முதுகைத் தடவிவிட்டு, தண்ணீர் கொடுத்து, மறுபடி சின்னதாகப் பிய்த்தாள். இரண்டாவது துண்டு இறங்கியது. ஊர் முழுக்க நின்றுகொண்டு ஒரு பெண் தோசை தின்பதைப் பார்த்தது.

"நான் கேக்குறது காதில விழல்லியா?" என்று நார்பர்ட் மேலே நின்று கத்தினார்.

லில்லிக்குட்டி தலை நிமிரவே இல்லை. "அண்ணே, பிள்ளை தின்னுது. தள்ளி நில்லு" என்றாள்.

நார்பர்ட் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் கால் இரண்டடி பின்னால் போனது.

ஷைனா இலையை வழித்து நக்கினாள். வாய் ஓரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னும் ஒண்ணு வேணும்" என்றாள்.